கணுக்காலைப் பழிக்காதீர்கள்: பெரியவர்கள் தங்கள் முதல் ஸ்கேட்டிங் பூட் வாங்குவதற்கு முன்

முப்பது வயதைத் தாண்டி முதன்முதலாகப் பனித்தளத்தில் இறங்கும் யாருக்கும் அன்றைக்கே ஒரு தீர்ப்பு கிடைத்துவிடும்: “உங்களுக்குக் கணுக்காலில் பலமில்லை.” எனக்கும் கிடைத்தது. தம்பி வீட்டுக்கு டொராண்டோ போயிருந்த குளிர்காலத்தில், அவன் மகள் பயிலும் தளத்திலேயே பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பது வயதுப் பெண் விளக்குக் கம்பம் போல நிற்கிறாள். நாற்பது வயது அத்தைக்கு இரண்டு கால்களும் உள்பக்கம் சாய்ந்துவிட, ஓரத் தடுப்பைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. வயதுதான் காரணம் என்று மூன்று வாரம் நம்பினேன். நான்காவது வாரம் பயிற்சியாளர் என்னை உட்கார வைத்து, பூட்டின் குதிகால் பக்கம் விரலை நுழைத்துப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாகப் போனது. பாதத்தை அளந்து, ஒன்றரை எண் சிறிய பூட்டைக் கொண்டுவரச் செய்தார். அதே கணுக்கால், அதே மாலை, நேராக நின்றது.

இப்போது கோவையில் இருக்கிறேன். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து வேலைக்காகவும் பிள்ளைகளுக்காகவும் குளிர்நாடு போகிறவர்கள் நிறைய. குருகிராம் பனித்தளத்தையும் சிம்லாவின் திறந்தவெளித் தளத்தையும் பார்த்துவிட்டு ஆசையோடு திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: எந்த நிறுவனம், எத்தனை ஆயிரம். இந்த இரண்டுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தெரியாததால் ஆசையையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது எனக்கு இன்னும் வருத்தம்.

காம்பு ஆடும் மண்வெட்டி

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே புரியும். மண்வெட்டியின் காம்பு தளர்ந்துவிட்டால், எவ்வளவு பலசாலி வெட்டினாலும் வெட்டு தப்பும். கை ஒரு பக்கம் போகும், தகடு ஒரு பக்கம் திரும்பும். அப்போது யாரும் கையில் பலமில்லை என்று சொல்வதில்லை. ஓர் ஆப்பைச் செருகிக் காம்பை இறுக்குகிறோம்.

ஸ்கேட்டிங்கிலும் அதே கதைதான். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே பனியில் வட்டம், எட்டு போன்ற வடிவங்களைக் கோடாக இழைத்த பழக்கத்திலிருந்து வந்தது. 1990 வரை போட்டிகளில் அந்த வடிவங்களுக்குத் தனிச் சுற்று இருந்தது. கிட்டத்தட்டப் பனியில் போட்ட கோலம். நேர்கோட்டில் ஓடுவதைவிட வளைந்து ஓடுவதுதான் இந்தக் கலை; வளைய வேண்டுமென்றால் உடம்பு சாய வேண்டும்; அந்தச் சாய்வு இடுப்பிலிருந்து முழங்கால், கணுக்கால், பூட், அதன் அடியிலுள்ள பிளேடு என்று ஒரே கோடாகப் பனி வரை போய்ச் சேர வேண்டும். பூட்டுக்குள் குதிகால் ஆடினால் கோடு அங்கேயே அறுந்துவிடுகிறது. பாதம் பூட்டுக்குள் சாய்கிறது. பிளேடு வேறு எங்கோ சாய்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது கணுக்கால் மடிவது போலத் தெரிகிறது.

ஆகவே பூட்டின் முதல் வேலை குதிகாலை அசையாமல் பிடிப்பது. அழகு, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பின்னால்.

நீளத்தை வைத்து அகலத்தை வாங்காதீர்கள்

நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது, வளர்கிற கால் என்று ஓர் எண் பெரிதாகவே வாங்குவோம். அந்தப் பழக்கம் பெரியவர்களான பிறகும் விடுவதில்லை. கூடவே, பனியில் குளிருமே என்று தடித்த காலுறைக்கு இடம் விடுகிறோம். இரண்டும் தவறு. ஸ்கேட்டிங் பூட்டுக்கு மெல்லிய காலுறைதான். கணுக்காலும் முழங்காலும் வேலை செய்யத் தொடங்கினால் பாதம் தானாகச் சூடாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம் பாதங்கள் பெரும்பாலும் முன்பக்கம் விரிந்தவை. குதிகால் அந்த அளவுக்கு அகலமாக இருக்காது. இப்படிப்பட்ட பாதம் சாதாரண அகலமுள்ள பூட்டுக்குள் போனதும் சுண்டுவிரல் பக்கம் நெரிகிறது. “சிறிதாக இருக்கிறது, அடுத்த எண் கொடுங்கள்” என்கிறோம். அடுத்த எண்ணில் முன்பக்கம் சரியாகிவிடுகிறது, குதிகால் தளர்ந்துவிடுகிறது. பிறகு கணுக்காலுக்குப் பழி.

தேவைப்பட்டது அதே நீளத்தில் கூடுதல் அகலம். நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் பல அகலங்களில் பூட் செய்கின்றன. கடையில் நீள எண்ணோடு அகலக் குறியீட்டையும் கேளுங்கள். கேட்டதும் கடைக்காரர் விழித்தால், அவர் விற்பது விளையாட்டுக்கு உதவும் பூட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பாதத்தை அளப்பதற்கு மாலை நேரம் நல்லது. பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, மெல்லிய காலுறையோடு இரண்டு கால்களிலும் சமமாக எடையை வைத்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது, அளவு பொய்யாகிவிடும். இன்னொருவர் பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையட்டும். குதிகால் முனையிலிருந்து மிக நீண்ட விரல் வரை மில்லிமீட்டரில் குறியுங்கள். பிறகு பெருவிரல் எலும்பு புடைத்த இடத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை அகலத்தைக் குறியுங்கள். இரண்டு பாதங்களும் ஒன்றாக இருக்காது, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மில்லிமீட்டர் கணக்கை நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். தெருவில் போடும் ஷூவின் எண்ணை மறந்துவிடுவது நல்லது. ஸ்கேட்டிங் எண் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. லேஸை நன்றாகத் தளர்த்தி, விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை பாதத்தை முன்னால் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி போதும். அதற்குமேல் இருந்தால் பூட் பெரிது. பிறகு குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, லேஸைக் கட்டி எழுந்து நில்லுங்கள். விரல்கள் முன்பக்கத்தை லேசாக உரச வேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடக்கினால் விரல்கள் பின்னால் விலகும். கடைசியாக, முன்பாதத்தில் எழும்புங்கள். உள்ளே குதிகால் தூக்குகிறதா என்று கவனியுங்கள். இந்த ஒரு சோதனையில் தோற்ற பூட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குதிகால் ஆடக் கூடாது. நெரித்தால் அகலத்தைக் கூட்டுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள். மில்லிமீட்டர் மட்டுமே உண்மை சொல்லும்.

பூட் ஒரு கதவுக் கீல்

அடுத்து எல்லோரும் குழம்பும் இடம், விறைப்பு. பூட்டின் கழுத்துப் பகுதி வளைய எவ்வளவு மறுக்கிறது என்பதே விறைப்பு. கணுக்கால் பலமில்லை என்ற பேச்சு இங்கேயும் வந்து சேர்ந்துகொள்கிறது: “பலமில்லாத காலுக்கு மிக விறைப்பான பூட் வாங்குங்கள்.”

கதவை நினைத்துப் பாருங்கள். நல்ல கீல் கதவை முன்னும் பின்னும் திறக்கவிடும். மேலும் கீழும் ஆடவிடாது. பூட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து நொறுங்காமல் தாங்க வேண்டும். ஆனால் முழங்கால் முன்னால் போகும்போது கணுக்கால் மடங்குவதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தள்ளுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்த மடக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன.

காற்றில் இரண்டு முறை சுழலும் தாவல்களுக்காகச் செய்த பூட்டை முதல் ஆண்டிலேயே வாங்கினால், கணுக்கால் மடங்காது. மடங்காத கால் எடையைக் குதிகாலுக்குத் தள்ளும். உடம்பு பின்னால் சாயும். பெரியவர்களுக்கு மிக ஆபத்தான விழுகை அதுதான், தலையின் பின்பக்கம் பனியில் மோதுவது. விலை உயர்ந்த பூட் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை இதனால்தான் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பாதம் சிறிதாக உள்ள பெண்களுக்குக் குழந்தைகள் வரிசைப் பூட்டே அளவில் சரியாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது குழந்தையின் எடைக்காகச் செய்யப்பட்டது. அறுபது, எழுபது கிலோவை அதில் ஏற்றினால் சில மாதங்களில் கழுத்துப் பகுதி மடிந்து துணிப்பை போலாகிவிடும். ஒரே வகுப்பில் ஒரே பாடம் கற்கும் 50 கிலோ பெண்ணுக்கும் 85 கிலோ ஆணுக்கும் ஒரே விறைப்பு பொருந்தாது. இப்போது எந்தப் பாடத்தில் இருக்கிறீர்கள், எடை எவ்வளவு, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எடையைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாலம் கட்டுகிறவர் லாரியின் எடையைக் கேட்கத்தான் செய்வார்.

கனடாவின் ஜாக்சன், இத்தாலியின் எடியா, 1945இல் அமெரிக்காவில் தொடங்கிய ரீடெல் ஆகியவை நெடுங்காலமாகக் கேள்விப்படும் பெயர்கள். எண்ணைக் கொண்டு விறைப்பைக் குறிக்கிற நிறுவனங்களில் ஒன்றின் எண் இன்னொன்றின் எண்ணோடு பொருந்தாது. ஒரு கடையில் பார்த்த 50 என்ற எண்ணை இன்னொரு நிறுவனத்தில் தேடிப் போகாதீர்கள். பயிற்சியாளரிடம் மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்பதே நேர்வழி.

தோல் பூட்டாயினும் செயற்கைப் பொருளாயினும், இன்றைய பூட்டுகளில் பல சூட்டில் இளகிப் பாதத்தின் வடிவத்தை ஏற்கும்படி செய்யப்பட்டவை. கடையிலேயே அதற்கான அடுப்பில் சூடாக்கிக் காலில் மாட்டி உட்கார வைப்பார்கள். எலும்பு உரசும் ஓரிடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுப்பதும் உண்டு. வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், பசை விட்டுவிடும். ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: சூடு சிறு நெருடலைத் தீர்க்கும். பெரிதாகிப்போன பூட்டைச் சிறிதாக்காது.

கத்தி இல்லைங்க, வாய்க்கால்

பிளேடைக் கத்தி என்று நினைக்காதவர் குறைவு. நானும் அப்படித்தான் நினைத்தேன், கோவை கணபதியில் எங்கள் குடும்பப் பட்டறைக்கு அதை எடுத்துப்போகும் வரை. அங்கே முப்பது ஆண்டுகளாகச் சாணை வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பிளேடைத் தலைகீழாகப் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கி, நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டினார். நகம் ஒரு கரையில் தட்டி, நடுவே இறங்கி, மறு கரையில் தட்டியது. “இது கத்தி இல்லைங்க அம்மிணி, வாய்க்கால்” என்றார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பகுதி சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அதன் நீளம் முழுவதும் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. இதற்குக் குழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் இரண்டு கரைகளும் விளிம்புகள். உள்பக்கம் சாய்ந்தால் உள்விளிம்பு பனியைப் பிடிக்கும், வெளிப்பக்கம் சாய்ந்தால் வெளிவிளிம்பு. நேராக நின்றால் இரண்டும் தொடும். கற்றுக்கொள்வதெல்லாம் எந்த நேரத்தில் எந்தக் கரையில் நிற்பது என்பதைத்தான்.

குழிவை ஆரத்தில் சொல்வார்கள். தொடக்கக்காரர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பது அரை அங்குல ஆரம். ஓர் அங்குல விட்டமுள்ள உருளையைப் பிளேடின் நீளவாக்கில் அழுத்தி எடுத்தால் எந்த வளைவு பதியுமோ, அது. 4 மில்லிமீட்டர் அகலத்தில் இதன் ஆழத்தைக் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. இவ்வளவு சிறிய பள்ளமா நம் முழு உடம்பையும் பிடிக்கிறது என்று எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

ஆரம் குறைந்தால் பள்ளம் ஆழமாகும், பிடிப்பு கூடும், வழுக்கு குறையும். எண் சிறிதானால் ஆழம் பெரிது. பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். எடை கூடியவர்கள் பனியில் தாமாகவே ஆழமாக இறங்குவதால், அவர்களுக்கு 5/8 அங்குலம் போன்ற ஆழம் குறைந்த குழிவு சுகமாக இருக்கலாம்.

இங்கே நம் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டும் கை நமக்கு உண்டு. மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்கிற ஊர். ஆனாலும் இந்தப் பிளேடைக் கத்திச் சாணைக்குக் கொடுக்காதீர்கள். குழிவின் ஆரத்துக்குத் தீட்டிய சக்கரம், பிளேடை நீளவாக்கில் தாங்கும் பிடிமானம், இரண்டும் இல்லாமல் ஒரு தடவை உரசினாலும் விளிம்புகளின் உயரம் மாறிவிடும். எங்கள் அண்ணனே கைவைக்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். பிளேடைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு பத்து ரூபாய் நாணயத்தை இரண்டு விளிம்புகளின் மேலும் குறுக்கே படுக்க வையுங்கள். பிளேடின் முனையிலிருந்து பாருங்கள். நாணயம் பிளேடுக்குச் செங்குத்தாகக் கிடந்தால் கரைகள் சமம். ஒரு பக்கம் சரிந்தால் தீட்டியது தவறு. ஒரு விளிம்பு பிடிக்கும், மற்றது வழுக்கும், நீங்கள் மறுபடியும் கணுக்காலைச் சந்தேகிப்பீர்கள். பொதுவாக 20 முதல் 40 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். புதுப் பிளேடையும் முதலில் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கலாம், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிளேடு நீளவாக்கிலும் வளைந்திருக்கும். அதை நீள்வளைவு என்போம். நிறுவனங்கள் 7 அடி, 8 அடி என்று குறிப்பது இதன் ஆரத்தை. 7 அடி ஆரமுள்ள வட்டக் கிணற்றின் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு எடுத்தால் எவ்வளவு வளைந்திருக்கும்? கண்ணுக்கு நேராகவே தெரியும். தரையில் வைத்தால் ஆடும். அந்த ஆட்டம்தான் திரும்ப உதவுகிறது. 8 அடி சற்றுத் தட்டையானது, நிதானம் கூடும். முதல் பிளேடுக்கு இரண்டில் எதுவானாலும் கவலை வேண்டாம். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் பிறந்த ஜான் வில்சன் பிளேடுகளைப் பற்றியும் எம்கே பிளேடுகளைப் பற்றியும் நிறையக் கேள்விப்படுவீர்கள். ஜான் வில்சனின் கொரோனேஷன் ஏஸ் 7 அடி வளைவுள்ளது. தொடக்க நிலையைத் தாண்டியவர்கள் பலர் அடுத்து வாங்குவது. அதற்கு முன்பு பூட்டோடு சேர்ந்து வரும் பிளேடே போதும்.

முன்னால் ரம்பம் போல நிற்கும் பற்கள் தாவவும் சுழலவும் உதவுபவை. நிற்பதற்கோ தள்ளுவதற்கோ அல்ல. முதல் மாதம் அவை தடுக்கி விழுந்து, அவற்றைத் தேய்த்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள். தடுக்குவது, எடை முன்னால் போய்விட்டது என்று உங்களுக்குச் சொல்லும் செய்தி.

சுருக்கமாக: குழிவு பிடிப்பைத் தருகிறது, நீள்வளைவு திருப்பத்தைத் தருகிறது. முதல் பிளேடில் கவனிக்க வேண்டியது மாடலைவிட, அதைத் தீட்டிய கை.

லாடம் அடிப்பது போல

காங்கேயம் காளைக்கு லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாடம் ஒரு நூல் தள்ளிப் போனாலும் மாடு காலை மாற்றி வைக்கும். பிளேடைப் பூட்டின் அடியில் பொருத்துவதும் அப்படிப்பட்ட வேலைதான். பிளேடின் தகட்டில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். முதலில் அவற்றில் மட்டும் திருகுகளைப் போட்டு, சில நாள் ஓடிப் பார்க்க வேண்டும். ஒரு காலில் நேராக வழுக்கும்போது எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், திருகைத் தளர்த்திப் பிளேடை இம்மி நகர்த்தி மறுபடி பார்ப்பார்கள். சரியான பிறகுதான் நிரந்தரத் திருகுகள். அவசரப்பட்டு முதல் நாளே எல்லாத் துளைகளையும் நிரப்பச் சொல்லாதீர்கள்.

பழைய ஜோடி வாங்குவதானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பூட்டின் கணுக்கால் பகுதியில் ஆழமான மடிப்பு விழுந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பிளேடின் கீழ்ப்பகுதியில் பளபளப்பில்லாத பட்டை ஒன்று ஓடும். அது தேய்ந்து மேலேயுள்ள பளபளப்பை நெருங்கிவிட்டால் தீட்ட இடமில்லை என்று பொருள்.

பனி கிடைக்காத மாதங்களில், இதே வகைப் பூட்டில் பொருத்தும் சக்கரச் சட்டங்கள் உண்டு. அவற்றின் சக்கர வரிசையும் பிளேடு போலச் சற்று வளைந்திருக்கும். பழைய பூட் ஒன்றை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

லேஸ், ஈரம், துணி உறை

லேஸை மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தில் கட்டுவது வழக்கமான பிழை. விரல்களின் பக்கம் இலகுவாக, பாதம் காலோடு சேரும் மடிப்பில் மிக இறுக்கமாக, மேல் கொக்கிகளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. பாதம் மரத்தால் முன்பக்கத்தைத் தளர்த்துங்கள். புதுப் பூட்டில் இருபது நிமிடம் ஓடியதும் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். சூட்டில் அது சற்று விட்டுக்கொடுத்திருக்கும்.

பிளேடுக்கு இரண்டு உறைகள் வேண்டும். நடப்பதற்குக் கெட்டியான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காப்பு. வைத்துப் பூட்டுவதற்கு ஈரம் உறிஞ்சும் துணி உறை. டொராண்டோவிலிருந்து திரும்பும் நாளில் கடைசியாக ஒருமுறை ஓடிவிட்டு, துடைக்காமல் ரப்பர் காப்போடு பையில் போட்டேன். ஊரில் அப்போது மழை. ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது விளிம்பு நெடுக மிளகாய்த்தூள் சிந்தியது போலத் துரு. பூட்டின் உள்ளே பூஞ்சை வாடை. அதைப் போக்க வெயிலிலோ காரின் பின்கண்ணாடிக்கு அடியிலோ வைத்துவிடாதீர்கள்; மின்விசிறிக் காற்றே போதும். இப்போது ரப்பர் காப்புகள் தனியே ஆணியில் தொங்குகின்றன. பிளேடுகள், சென்னிமலைத் துண்டு ஒன்றைக் கிழித்து நானே தைத்த உறைக்குள், பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன.